பன்னிரண்டு டின் பாலாடைக்கட்டி

அபூ ராகான் காபிக் கோப்பையை வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை, தன் முன்னால் தரையில் வைத்தார். துக்கப் பந்தலில் பேச்சு நின்றது. வந்தவர் கேட்டது கிடைக்கும்வரை காபியைத் தொடாமல் இருப்பது பெண் கேட்கும் இடத்தில் நடக்கும், சமாதானம் பேசும் இடத்தில் நடக்கும். அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அவருடைய முதலாளிக்கு இங்கே கேட்க என்ன இருக்கிறது? தாமிர் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினான்.

"குடிங்க, ஆறிடும்."

"ஒரு வாக்கு கொடு, குடிக்கிறேன். நாளைக்கு இன்சூரன்ஸ் ஆள் வருவான். அப்பா மாதபா ஊர்ல உங்க அத்தையைப் பார்க்கப் போனார்னு சொல்லிடு."

"நொறுங்கின கார்ல உங்க பன்னிரண்டு டின் பாலாடைக்கட்டி இருந்துச்சே?"

"அத்தைக்குன்னு சொல்லு."

"அத்தை ஒத்தை ஆளு. வாயில பல்லும் இல்லை."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அபூ ராகான் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், தம்பி."

ஒருவர் இப்படி ஆரம்பித்தால் அவரிடம் எதையோ பறிகொடுக்கப் போகிறோம் என்று அர்த்தம். தாமிரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. உள்ளே செல்போன் இருந்தது.

"என் பாலிசி, கம்பெனியோட மூணு வேனுக்குத்தான். வேலையாள் சொந்தக் கார்ல சரக்கு ஏத்தினா அதுல வராது. வேலையா போனார்னு எழுதிட்டா மொத்தமும் என் தலையில விழும்."

"அத்தை வீட்டுக்குன்னு எழுதினா அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?"

"உங்க கார் பாலிசி இருக்கே."

"அது இடிபட்டவனுக்குத்தான். ஓட்டினவருக்குப் பைசா கிடையாது. படிச்சுப் பார்த்துட்டேன்."

"அதுக்கு நான் என்னப்பா பண்ணட்டும்? சொந்தக் காரை எடுன்னு நானா சொன்னேன்? அவரா எடுத்துட்டுப் போனார்."

பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் அம்மா தஸ்பீஹ் ஜெபமாலை உருட்டும் சத்தம் நின்றது.

துக்க வீட்டுக்கு வந்தவரைக் காபி குடிக்காமல் அனுப்புவது வீட்டுக்கே தலைகுனிவு. அப்பா இருந்திருந்தால் வாக்குக் கொடுத்திருப்பார். அதை நினைக்கும்போதுதான் தாமிருக்குக் கோபம் வந்தது. செல்போனை எடுத்து, அப்பா கடைசியாக அனுப்பி, மூன்று நாளாகக் கேட்கத் துணிவில்லாமல் வைத்திருந்த குரல் பதிவை அழுத்தினான்.

"தாமிர், சாயங்காலம் காரைக் கேட்காதே. வேன் பட்டறையில இருக்காம், நம்ம காரையே எடுக்கச் சொல்றார் முதலாளி. இடுப்பு வலி உயிர் போகுது. ஆனா மாட்டேன்னு சொல்ல வாய் வரலை, அவர் உப்பைத் தின்னவன் ஆச்சே. வரும்போது அம்மாவுக்கு ரொட்டி வாங்கிட்டு வரேன்."

திரைக்குப் பின்னால் அம்மா ஒரே ஒரு முறை விம்மினாள்.

அபூ ராகான் எழுந்தார். செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

தாமிர் அந்தக் கோப்பையை எடுத்துப் போய், ஆறிய காபியை ஒலிவ மரத்தடியில் ஊற்றிக் கழுவினான். அடுத்து உள்ளே வந்தவருக்கு அதிலேயே சூடாக ஊற்றிக் கொடுத்தான். அவர் வாங்கிக் குடித்தார்.