மாமியார் காத்த மருமகள்

அந்த விமானப் பணிமனையில் அவனுக்கு மாமியார் என்று பெயர். ஆம்பிளைதான், மீசைகூட உண்டு. ஆனால் யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பான். ஸ்பேனரைத் துடைக்காமல் வைத்தால் முணுமுணுப்பு, தரையில் எண்ணெய் சொட்டினால் புலம்பல். அப்படிப்பட்டவன், மூலையில் நிறுத்தி வைத்திருந்த ஒரு விமானத்தை மட்டும் கண்ணுக்குக் கண்ணாகத் தாங்கத் தொடங்கியதும், அதற்கும் மருமகள் என்று பெயர் விழுந்துவிட்டது. "மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒத்துமையா இருக்கறதை இங்கதான் பாக்கறேன்" என்பார் பெயின்ட்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு அங்கே வேறு எதுவும் மிச்சமில்லை.

கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது. முதலில் பயணிகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சிறுத்தது. பிறகு பணிமனையில் கை துடைக்கும் துணி நின்றது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து கிழிந்த பனியனைக் கொண்டுவந்தார்கள். பிறகு சம்பள நாள் நொண்டிக்கொண்டே அடுத்த மாதத்துக்குள் போய் விழுந்தது. மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"நம்மகிட்ட அஞ்சு விமானம் இருக்கு. அஞ்சு இருக்கற வரைக்கும் லைசென்ஸ் இருக்கும். லைசென்ஸ் இருக்கற வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்கும். அதுக்கு மேல என்கிட்ட எதையும் கேக்காதீங்க."

அந்த ஐந்தும் வாடகை விமானங்கள். வாடகை நின்றால் சொந்தக்காரன் வந்து கேட்பான். குடியிருக்கும் வீட்டுக்கும் பறக்கும் விமானத்துக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

மாமியாருக்கு இந்தக் கணக்கு மற்றவர்களைவிட ஆழமாக உறைத்தது. அவன் மனைவி அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள், விமான நிலையத்தில் பயணிகளுக்கு இருக்கை போட்டுக் கொடுக்கும் கவுன்டரில். அவளுடைய தம்பியை இதே பணிமனையில் சேர்த்துவிட்டவனும் இவன்தான். போன மாதம்தான் அந்தத் தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு வீடும் ஒரே குழாயில் வரும் தண்ணீரை நம்பி இருந்தன. குழாய் நின்றால் அடுத்த தெருவில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், விமான வேலை தெருவுக்குத் தெரு கிடைக்கிற வேலையா?

மருமகள்தான் அந்த ஐந்தாவது விமானம். டிக்கெட் விற்கவில்லை என்று ஓரங்கட்டியிருந்தார்கள். நிற்கிற விமானம் சும்மா நிற்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. டயர் ஒரே பக்கம் அமுங்கிச் சப்பையாகும். காற்றுக் குழாயில் பூச்சி கூடு கட்டும். ஈரம் ஏறி வயர் பச்சை பிடிக்கும். இவன் வாரம் தவறாமல் அதை இழுவை வண்டியில் கட்டி நகர்த்தி, சக்கரங்களைச் சுழலவிட்டு, உறைகளைக் கழற்றி உதறி, இரண்டு எஞ்சினையும் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பான். வேலை நேரம் முடிந்த பிறகும் செய்வான், யாரும் கேட்காமலே செய்வான். "ஒரே தட்டுல கிளம்புவா" என்பது அவன் பெருமை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இவன் முதலில் வேலை பார்த்த கம்பெனியும் இப்படித்தான் நொடித்தது. அங்கே நின்றிருந்த விமானத்திலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றில் மாட்டினார்கள். கழற்றிய இடத்தில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார்கள். ஒன்று இரண்டானது, இரண்டு இருபதானது. கடைசியில் அந்த விமானம் சிவப்பு அட்டைகள் தொங்கும் எலும்புக்கூடாக நின்றது, பழைய இரும்புக்காரன் வந்தான், கம்பெனி மூடியது. பிணத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள், உயிரோடு இருப்பதை யார் தூக்குவார்கள் என்று இவன் அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டான். பாவம், அந்த முடிவை அதற்குப் பிறகு ஒருநாளும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஓடிக்கொண்டிருந்த நான்கில் ஒன்றுக்கு, எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் போனது. ஸ்டோரில் இல்லை. விற்பவர்கள் கடனுக்குத் தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். மைத்துனன் இவனிடம் வந்தான்.

"மாமா, மருமககிட்டேருந்து கழட்டிக்கலாமா?"

"தொடக் கூடாது."

"எல்லா இடத்துலயும் செய்யறதுதானே மாமா. அட்டை போட்டுட்டுக் கழட்டுவோம். புதுசு வந்ததும் திருப்பி மாட்டிடலாம்."

"புதுசு வருமாடா? வர்ற மாதிரி இருந்தா நீ ஏன் இங்க வந்து நிக்கறே? இன்னிக்கு ஸ்டார்ட்டர், நாளைக்குப் பம்ப்பு. அப்புறம் அஞ்சு எங்க இருக்கும்? உன் பொண்டாட்டி புள்ளைக்குத்தான்டா சொல்றேன்."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். மருமகளுக்குப் பொறுப்பு இவன். இவன் கையெழுத்துப் போடாமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற முடியாது. "சரி, ஸ்டார்ட்டருக்கு வேற வழி பாக்கறேன்" என்று போய்விட்டார். வேறு வழி வரவில்லை. அந்த விமானமும் தரையில் நின்றது.

அன்று ரத்தான பயணத்துக்கு இவன் மனைவிதான் கவுன்டரில் பதில் சொன்னாள். ஒரு பயணி பெட்டியைத் தூக்கி அவள் மேஜைமேல் போட்டு, இருந்த கோபத்தையெல்லாம் அவள்மேல் கொட்டியிருக்கிறான். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

"அந்த ஸ்டார்ட்டரைக் குடுத்திருக்கலாமேங்க."

"குடுத்தா நாம எல்லாரும் வீட்டுல உக்காரணும்."

அவள் உடை மாற்றப் போய்விட்டாள். இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பழகியவள் அவள். அந்த நம்பிக்கைதான் பிறகு அவனை அதிகம் வதைத்தது.

ஒருநாள் காலையில் விமானங்களின் சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். இரண்டு அதிகாரிகள், கூடவே இரண்டு பைலட்டுகள். பைலட்டைக் கண்டதுமே பணிமனையில் வேலை நின்றது. பேச வருகிறவன் பைலட்டோடு வர மாட்டான்.

பறந்துகொண்டிருந்த மூன்றும் வெளியூர்களில் இருந்தன. வந்தவர்கள் முதலில் ஸ்டார்ட்டர் இல்லாத விமானத்தைச் சுற்றி வந்தார்கள். ஓர் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஆகாது. இதைச் சரி பண்றதுக்குள்ள இவங்க கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிடுவாங்க. அடுத்ததைப் பாருங்க."

அடுத்தது மருமகள். கதவைத் திறந்தார்கள், டயரைத் தட்டினார்கள், எஞ்சினுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். அதிகாரி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"நின்ன விமானம் மாதிரியே இல்லையே! யாருங்க பாத்துக்கிட்டது?"

எல்லோருடைய கண்ணும் மாமியாரிடம் போனது. அதிகாரி வந்து இவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னிக்கே எடுத்துட்டுப் போறோம். உங்களாலதான் இவ்வளவு சுலபமா முடிஞ்சுது."

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. ஒரே ஒரு சிவப்பு அட்டை தொங்கியிருந்தால் போதும், இதையும் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். மேனேஜர் சுவரோடு சாய்ந்து நின்றார். "ரெண்டு நாள் கெடைச்சிருந்தா தடை வாங்கியிருப்பேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உறைகளைக் கழற்றும்போது மைத்துனன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"மாமா, ஒரு வயரை உருவி விட்டுடு. உனக்குத்தான் எது எங்க இருக்குன்னு தெரியும். கால்ல விழறேன் மாமா."

இவன் எஞ்சின் மூடியைத் திறந்தான். கை உள்ளே போய் அந்த வயரைத் தொட்டது. இழுத்தால் வந்துவிடும். இத்தனை வருஷத்தில் அந்தக் கை ஒரு விமானத்தைக் கெடுத்ததில்லை. இதில் ஏறப்போகிற இரண்டு பைலட்டுகளுக்கும் எங்கேயோ வீடு இருக்கிறது. ஆனால் இவன் வீடும் இங்கே இருக்கிறதே! கையை வெளியே எடுத்து மூடியைச் சாத்தினான். மைத்துனன் இவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான்.

வழியனுப்புகிற வேலையும் இவன் தலையிலேயே விழுந்தது. சக்கரத்துக் கட்டையை எடுத்துவிட்டு, சக்கரக் கால்கள் மடங்காமல் இருக்கச் செருகியிருந்த, சிவப்பு நாடா கட்டிய பூட்டு ஊசிகளை உருவித் தூக்கிப் பிடித்துக் காட்டினான். எல்லாம் கழற்றியாகிவிட்டது, நீ போகலாம் என்று பைலட்டுக்குச் சொல்கிற வழக்கம் அது. எஞ்சினைக் கிளப்பும்போது, கிளம்பாதே, இந்த ஒரு தடவை மட்டும் கிளம்பாதே என்று வாய்விட்டே சொன்னான். அந்தச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பைலட் கையசைத்தார். பதிலுக்கு இவனும் கையசைக்க வேண்டியிருந்தது.

மதியத்துக்குள் லைசென்ஸை நிறுத்திவைத்த செய்தி வந்துவிட்டது. கவுன்டரில் கம்பெனி பெயர்ப் பலகையை மனைவியே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். சீருடையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான் போல, கண் வீங்கியிருந்தது. இவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"என்னங்க, ஏதாவது கோளாறாகி நின்னுடாதான்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். கொஞ்சம்கூட மக்கர் பண்ணலையா?"

"இல்லம்மா" என்றான். "ஒரே தட்டுல கிளம்பிட்டா."

சொல்லிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான்.