கிணற்றுக் கதையின் கடைசித் துண்டு

வேங்கிக்காலில், புது வீடுகளுக்கு நடுவே ஒரு தனியார் பள்ளி. தாளாளர் ராஜமாணிக்கம். விழாக்களில் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் வழக்கம் வந்த பிறகு அவரிடம் புத்தகம் குவிந்துவிட்டது. ஒன்றின் பளபளப்புத் தாளைக்கூட அவர் பிரித்ததில்லை. வெற்றி, முன்னேற்றம் என்று அட்டையில் சூரியன் உதிக்கும் அவற்றையெல்லாம் நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, ‘மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டியவை’ என்று எழுதி ஒட்டினார். பிறகு பூட்டினார். சாவி அவர் சட்டைப்பையில். எப்பேர்ப்பட்ட சிபாரிசு, பாருங்கள்.

தமிழ் டீச்சர் அறிவுமதி சிபாரிசு செய்தது ஒரு மலிவுப் பதிப்பு நாவல். பாழுங்கிணற்றில் தள்ளப்பட்ட ஒரு பெண், மேலிருந்து தள்ளியவனின் குரலே வருவதைக் கேட்கிற கதை. ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் ஒரே பிரதி. காத்திருக்க மனமில்லாத செல்லங்கள் அதை நான்கு துண்டாகப் பிரித்து, தனித்தனியே ஊசிநூலால் தைத்து, வரிசை போட்டுக் கைமாற்றினார்கள். டீச்சர் கண்டும் காணாமல் இருந்தார்.

தாளாளர் கண்டார். வகுப்பில் இருந்த மூன்று துண்டுகளையும் பிடுங்கினார். பாதிப் பேருக்குக் கதை நடுவிலேயே நின்றது.

“இன்னா டீச்சர், கொலைக்கதையா? மார்க் கம்மியாச்சுன்னா பேரண்ட்ஸுக்கு யார் பதில் சொல்றது?”

“நீங்க படிச்சீங்களா ஸார்?”

“இத்தெல்லாம் படிச்சுத்தான் தெரியணுமா? திங்கக்கிழமை பழைய பேப்பர்காரன் வர்றான். போட்டுடுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் கூட்டத்தில் காட்டுவதற்காக, தப்பான வரிகளில் கோடு போடச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். முதல் சில பக்கங்களில் கோடு இருந்தது. அப்புறம் இல்லை.

திங்கட்கிழமை பழைய பேப்பர்காரரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் துண்டுகளுக்கு வரிசை போடுகிற கவியாவைக் கூப்பிட்டனுப்பினார். டீச்சரும் கூடவே வந்தார்.

“நாலாவது துண்டு உங்கிட்ட இருக்குதாமே. எடு. செக் பண்ணணும்.”

“வீட்ல இருக்குது ஸார். எதுவரைக்கும் செக் பண்ணீங்க?”

“அவன் கயித்த உள்ள விடுறானே, அதுவரைக்கும்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அவ பொழைச்சுடுவாளா?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அத்த சொன்னா கத போயிடும் ஸார். அந்த மூணையும் குடுத்துடுங்க, கிளாஸே காத்துக்கினு இருக்குது. நாலாவதுக்கு உங்க பேரையும் சேத்துக்கிறேன். விமல்ராஜுக்கு அடுத்து நீங்க.”

“நான் இந்த ஸ்கூலோட கரெஸ்பாண்டண்ட்மா.”

“தெரியும் ஸார். விமல்ராஜ் போன வாரமே பேர் குடுத்துட்டான்.”

மூன்று துண்டுகளும் மேசைக்கு வந்தன. பழைய பேப்பர்காரர் மறுநாள் வெறுங்கையோடு திரும்பினார்.

இதனால் மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாரப் பிரேயரில் தாள் பிரிக்காத இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, தன் வாழ்க்கையையே மாற்றியது இதுதான் என்றார். இறங்கி வந்து, வராந்தாவில் விமல்ராஜை மடக்கி, “எத்தினி பக்கம்டா ஆச்சு?” என்று காதோரம் கேட்டார்.

“இப்பத்தான் ஸார் ஆரம்பிச்சேன்.”

எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படிக்கிற பிள்ளை அவன். என் கண்ணு, கடைசிவரைக்கும் அவசரப்படவே இல்லை.