சொன்ன விலைக்கு வாங்கிய கண்ணாடி

கணேசலிங்கம் சவப்பெட்டியின் பக்கப்பலகையை நடுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். சுன்னாகம் சந்தையில் தகப்பனின் பாத்திரக்கடையில் குடம் தட்டிப் பழகிய விரல் அது. பித்தளை எது, பித்தளை பூசியது எது என்று காதுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும்.

“முழுப் பலகை இல்லை, பிள்ளை. மேலதான் மரம். உள்ளுக்கு அமுக்கின தூள்.”

“சித்தப்பா, ப்ளீஸ்” என்றாள் தர்ஷனா. தகப்பனைப் பறிகொடுத்து மூன்று நாள். அழுது அழுது குரல் அடைத்துப்போயிருந்தது. “இது கார் இல்லை.”

“காரெண்டால் ஒருக்கா ஓட்டிப் பார்த்திருப்பன்.”

அந்தச் சவச்சாலைப் பெண் பொறுமையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். கணேசலிங்கம் அறையை ஒரு சுற்று வந்து, மூலையில் பார்வைக்கு வைத்திருந்த ஒரு பெட்டியிடம் குந்தினார். இடது பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அவருடைய முகத்தில் அந்த மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. இருபது நிமிடம் பேசினார். பாதி இங்கிலீஷ், பாதி கை. மூன்றில் ஒரு பங்கு விலை இறங்கியது.

“இந்தப் பக்கம் சுவரோட நிக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார் வெளியே வரும்போது.

தர்ஷனா மெல்பேர்ணின் ஆகஸ்ட் மழை காரின் கண்ணாடியில் வழிந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணர் இரத்தினசிங்கத்தின் வீட்டில் கணேசலிங்கத்தின் கை படாமல் உள்ளே வந்த சாமான் கிடையாது. குளிர்ப்பெட்டி அவர் பிடித்துக் கொடுத்தது. நெளிந்த பக்கம் சுவரைப் பார்த்து நின்றது. சாப்பாட்டு மேசையின் ஆறு கதிரைகளில் ஒன்று ஆடும். அதற்காகவே அரை விலை. கார், முன்பு ஒருமுறை பின்னால் இடி வாங்கியது. அண்ணருக்கு ஒரு சாமான் தேவையென்றால் முதல் போன் தம்பிக்குத்தான் வரும். “கணேசு, ஒருக்கா வந்து பார்க்கிறீரே?” அந்த ஒரு கேள்விக்காகத் தன் கடையைப் பூட்டிவிட்டுப் போவார். பொண்டாட்டி பிள்ளையிடம்கூட அவ்வளவு மதிப்பு அவருக்கு இருந்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், கூடத்தில் அண்ணரின் படத்துக்குப் பக்கத்தில், கைவிளக்குப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அது அவர் பிடித்துக் கொடுத்த சாமானில்லை.

“இதென்ன, அண்ணி?”

“தன்ரை துவக்கில பூட்ட வாங்கின குறிபார்க்கிற கண்ணாடி, தம்பி” என்றாள் நாகபூசணி. “பூட்டுற வளையம் இன்னும் வரேல்லை எண்டு அப்பிடியே வச்சிருந்தார்.”

துவக்கு விசயம் கணேசலிங்கத்துக்குத் தெரியும். அண்ணருக்கு முதலில் முயல் வேட்டை ஆசைதான். கைத்துவக்கோடு வேட்டைக்குப் போக இந்த நாட்டில் சட்டமில்லை என்றதும், கிளப்பில் சேர்ந்து இரும்புக் கோழி சுடப் போனார். இரும்புக் கோழி, இரும்புப் பன்றி, இரும்பு வான்கோழி, இரும்புக் கடா. குண்டு பட்டால் விழவேண்டும். முதன்முதலாகச் சொன்னபோது கணேசலிங்கம் சபையில் வைத்து ஒரு போடு போட்டார்: “துவக்குச் சத்தம் கேட்டு அங்கயிருந்து ஓடிவந்த மனுசன், இஞ்ச காசு குடுத்துக் கேக்கிறார்!” வீடே சிரித்தது. அண்ணரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் தம்பியிடம் எடுக்கவேயில்லை.

“ஆர் பார்த்து வாங்கினது?”

குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு சிவமணி வந்தான். கோயம்புத்தூர்க்காரன், நாற்பது வயது, கிளப்பில் அண்ணரோடு சுடுகிறவன். சனிக்கிழமை அண்ணர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது பக்கத்தில் நின்றவனும் அவன்தான். இந்த வீட்டில் சீனி எந்த டப்பாவில் இருக்கிறதென்று கணேசலிங்கத்துக்கே தெரியாது. இவன் தேடாமல் எடுத்துப் போட்டிருந்தான்.

“மூணு சனிக்கிழமை அண்ணன்கூடக் கடைக்குப் போனேங்க” என்றான். “ஒவ்வொண்ணா கையில பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தாரு.”

அண்ணனாம். ஆருக்கு ஆர் அண்ணன்?

“நீர் இருக்கிறது எங்கை?”

“பொயிண்ட் குக்குங்க.”

“அங்கயிருந்தோ ஒவ்வொரு சனியும் வாறனீர்?”

“ஒரு மணி நேரம்தானுங்க.”

கணேசலிங்கத்தின் வீடு பத்து நிமிடத்தில் இருந்தது. அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். சீனி சரியாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

“கடைசியா என்ன சொன்னவர்?”

சிவமணி தட்டைப் பார்த்தான். “வான்கோழி அஞ்சும் விழுந்துச்சுங்க. திரும்பி என்னைப் பார்த்து, ‘கண்டியாடா?’ன்னாரு. அவ்வளவுதான்.”

டா. அண்ணர் தன்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருசமென்று கணேசலிங்கம் யோசித்தார். கடை திறந்த நாளிலிருந்து ‘கணேசு’, ‘வாரும்’, ‘பாரும்’தான்.

“அந்தப் பெட்டியைச் சிவமணியே கொண்டுபோகட்டும்” என்றாள் நாகபூசணி. “துவக்கைப் பொலிஸ் எடுத்திட்டுது. இது எங்களுக்கு என்னத்துக்கு?”

“பொறுங்கோ, அண்ணி.” கணேசலிங்கம் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு கறுப்புக் குழாய், பக்கத்தில் மடித்த பில். விரித்துப் பார்த்தார். ஒரு சதம் குறையாத விலை! “இது பாவிக்காத சாமான். திருப்பிக் குடுத்தால் கடைக்காரன் எடுப்பான். அண்ணரை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்.”

சொல்லும்போது கண் சிவமணியின் மேல் இருந்தது. ஆளைக் கூட்டிக்கொண்டு மூன்று தரம் கடைக்குப் போகிறவனுக்குக் கடைக்காரன் ஒன்றும் கொடுக்காமல் விடுவானா? தரகு இல்லாமல் சந்தை உண்டா? சிவமணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கடை மலையடிவாரத்தில், த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பாதையில் இருந்தது. டெரி என்ற வெள்ளைக்காரக் கிழவர். அண்ணரின் பெயரைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார்.

“ராட்னாவின் தம்பியா? பேரம் பேசும் தம்பி?”

கணேசலிங்கத்துக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது. அண்ணர் சொல்லியிருக்கிறார். வந்த காரியத்தைச் சொன்னார்: திருப்பி எடுக்கவேண்டும், அந்த இந்தியன் உங்களிடம் எவ்வளவு வாங்கினான் என்றும் சொல்லவேண்டும்.

டெரி சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து வேறு மூன்று துவக்குக் கண்ணாடிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று தீப்பெட்டியளவு, கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் தெரியும். சிவமணி அதைத்தான் வாங்கச் சொன்னான், விலையும் குறைவு என்றார். ராட்னாவின் கண்ணுக்கு அந்தப் பொட்டு உருண்டையாகத் தெரியவில்லை, நசிந்த மிளகாய்ப்பழம்போலத் தெரிந்ததாம். இரண்டாவது நல்ல சாமான், ஆனால் பாரம். அந்தச் சின்னத் துவக்கின் மூக்கு சரிந்தது. மூன்றாவதை அரை விலைக்கே தருவதாக டெரி சொல்லியிருக்கிறார், உடம்பில் ஒரு கீறல் இருந்ததால்.

“அதைக் கண்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்” என்றார் டெரி. “தம்பியைக் கூட்டி வந்தால் இதைத்தான் எடுத்துத் தருவான், அதனால்தான் கூட்டி வரவில்லை என்றார். கடைசியில் இந்தக் குட்டிக் குழாயை எடுத்தார். கிளப்காரருக்குப் பத்து வீதம் கழிவு உண்டு. வேண்டாம் என்றுவிட்டார். நாற்பது வருசத்தில் என்னிடம் கழிவு வேண்டாமென்ற ஒரே ஆள்.”

“வேண்டாமெண்டாரோ?”

“ஒரு சாமானாவது சொன்ன விலைக்கு வாங்கிப் பார்க்கவேண்டும் என்றார்.”

கணேசலிங்கம் மேசையில் கிடந்த கீறல் சாமானைப் பார்த்தார். அது நல்ல பேரம்தான். அவர் அதைத்தான் எடுத்திருப்பார். மறுபேச்சேயில்லை.

“பணம் திருப்பித் தரட்டுமா?” என்றார் டெரி.

கணேசலிங்கம் பெட்டியை மூடினார்.

கார் தரிப்பிடத்தில், காருக்குள், கண்ணாடியெல்லாம் மூச்சின் ஆவி படியும்வரை இருந்தார். பிறகு சவச்சாலைக்குப் போன் எடுத்தார். அந்தப் பெண்தான் பேசினாள். பெட்டியை மாற்றவேண்டும் என்றார். கீறல் இல்லாதது. முழு மரம். அவள் விலையைச் சொல்லிவிட்டு, அடுத்து வரப்போவதை எதிர்பார்த்துச் சற்று நிறுத்தினாள்.

“ஓகே” என்றார் கணேசலிங்கம்.

“சேர்?”

“ஓகே எண்டால் ஓகே.” தமிழில் சொல்லிவிட்டோம் என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. தகனசாலையில் தேவாரம் முடிந்து, வாய்க்கரிசி போட்டு, பெட்டியை மூடினார்கள். தர்ஷனா பெட்டியின் இடது பக்கம் வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரை மூடியபின் சனம் வெளியே வந்து, குடும்பம் குடும்பமாகப் பிரிந்து கைகொடுத்தது. சிவமணி எல்லோருக்கும் கடைசியாக வந்தான். வெள்ளைச் சேர்ட்டு, தோய்த்து மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

“அந்த ஸ்கோப்பத் திருப்பி எடுத்துக்கிட்டாங்களாங்க?”

“ஓம்” என்றார் கணேசலிங்கம். “ஒரு கதையுமில்லாமல் எடுத்திட்டான்.”

“நல்லதுங்க. அண்ணிக்குச் செலவுக்காகும்.” கும்பிட்டான். “வர்றேங்க.”

கணேசலிங்கத்தின் கோட்டுப் பையில் குழாய் பாரமாகத் தொங்கியது. மூன்று சனிக்கிழமை அவனுக்குக் கிடைத்தது போதும். ‘டா’வும் கிடைத்தது. இதுவுமா?

எல்லோரும் கோப்பி குடிக்கப் போனபிறகு, அவர் கட்டடத்தின் பின்பக்கம் ஒதுங்கி அதை எடுத்தார். கண்ணோடு ஒட்டி வைத்தார். ஒரே கறுப்பு, நடுவில் மங்கலாக ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வளவுதான். காசு முழுக்கக் கொடுத்து இதையா வாங்கினீர்கள் என்று வாய்வரை வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். சலித்துப்போய்க் கையை நீட்டினார்.

கைத்துவக்கைப் பிடிக்கிற தூரத்துக்குக் கை முழுதாக நீண்டபோது, கண்ணாடி பளிச்சென்று திறந்தது.

வட்டத்துக்குள் தரிப்பிடத்தின் கடைசி மூலை. கூட்டல் குறிக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சேர்ட்டு. கார்க் கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, ஒரு கால் வெளியே கிடக்க, ஒருவரும் பார்க்கவில்லையென்ற நினைப்பில், சிவமணி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தான்.

இன்னும் வடிவாகப் பார்க்க, கணேசலிங்கம் குழாயைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். கறுப்பு.

மறுபடியும் கையை நீட்டினார். வட்டம் ஆடாமல் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.