பெட்டிக்குள் பழைய சீல்

மாவனல்லையில் ஹுஸைன் முதலாளியின் பம்பு திருத்தும் கடையில் ஒரு சட்டம் இருந்தது. பழசு வந்தால்தான் புதுசு கணக்கில் கழியும். வயலுக்கோ தோட்டத்துக்கோ போய் ஒரு சாமானை மாற்றினால், கழற்றியதைக் கொண்டுவந்து என்னிடம் தர வேண்டும். நான் அதைக் கம்பியில் கோத்துவிட்டுப் புத்தகத்தில் ஒன்றைக் குறைப்பேன். சாமான் அலமாரியின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

பதினாறு வருஷம் ரப்பர் பால் வெட்டினவன் நான், நாகலிங்கம். பிறகு அந்தக் கடையில் பம்பு தூக்கினேன். நாற்பத்திரண்டு வயதில் தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா டீச்சரிடம் எழுத்துப் படித்தேன். நான் எழுதத் தொடங்கியபின் முதலாளி அலமாரியை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். புத்தகத்தைப் பார்த்தால் போதும் என்பார். அது எனக்குப் பெரிய பெருமை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மாசி வெயிலில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் குழாய்க் கிணற்றுப் பம்பு நின்றது. உள்ளே தண்ணீர் கசியாமல் பிடிக்கும் சீல் தேய்ந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற வளையம்தான். தோட்டத்து ஆபீசில் பார்க்கலாம் என்றார்கள். லயத்து ஆட்களே கேகாலைக் கடையில் சொல்லிவைத்தார்கள், சனிக்கிழமைதான் வரும். என் மனைவி அழகம்மா நாலு நாள் கீழ் ஓடையிலிருந்து குடம் சுமந்தாள். நாலாம் நாள் குடத்தை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கடையில் அந்த அளவில் ஒரே ஒரு சீல் இருந்தது, கடை வேலைக்கு மட்டும், வெளியே விற்பதில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்துப்போய் மாட்டினேன். மறுநாள் காலை லயத்துப் பழைய சீலை அதே பெட்டியில் வைத்து மூடி அலமாரியில் வைத்தேன். பழசு வந்துவிட்டதே, சட்டப்படிதானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். புத்தகத்தில் மட்டும் ஒன்று என்றிருந்ததைக் குறைக்கவில்லை. சனிக்கிழமை வருகிற புதுசை வைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

வியாழக்கிழமை அரநாயக்கவிலிருந்து ஆள் வந்தது. சோமாவதி என்ற பெண்ணின் தேயிலை நாற்று நர்சரியில் பம்பு நின்றுவிட்டது, அதே அளவு சீல் வேண்டும். முதலாளி புத்தகத்தைப் புரட்டினார். ஒன்று இருக்கிறது, காமிலிடம் கொடுத்தனுப்பு என்றார். காமில் எங்கள் மெக்கானிக், முப்பது வயது, எப்போதும் யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பான். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் கையாலேயே பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன அண்ணே, பொண்ணு குடுக்கிற மாதிரி குடுக்கிறீங்க" என்று சிரித்துக்கொண்டு போனான்.

மாலையில் சிரிப்பில்லாமல் வந்தான். பெட்டிக்குள் பழைய சீலைக் கண்டதும் சோமாவதி, வேலையாட்கள் முன்னால் அவனை ஹொரா என்று ஏசியிருக்கிறாள். புது சீலை வழியில் விற்றுவிட்டு வந்த திருடனாம். முதலாளி பெட்டியையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"புத்தகத்துல ஒண்டு ஈக்கி. பெட்டியில பழசு ஈக்கி. நடுவுல ஒன்ட கை மட்டும்தான் காமில்."

காமில் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு ஸ்பேனர்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான், மறுநாள் வேலைக்கு வரவில்லை. நாகலிங்கத்தின் புத்தகம் பொய் சொல்லாது என்று முதலாளி அன்று பக்கத்துக் கடையில் சொன்னது எனக்கும் கேட்டது.

சனிக்கிழமை கேகாலையிலிருந்து புது சீல் வந்தது. அதை அலமாரியில் வைக்கப் பயம். வைத்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். குனிந்தால் நெஞ்சில் இடிக்கும். முதலாளி கொழும்புக்குப் போய் இன்னொரு சீல் கொண்டுவர ஆறு நாள் ஆயிற்று. அதற்குள் நாற்றில் பாதி கருகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். லயத்துக் குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. அதில் முகம் கழுவ எனக்குப் பிடிக்கவில்லை.

பதினோராம் நாள் புத்தகத்தில் எழுதினேன்: சீல் ஒன்று, லயத்துக்குக் கொண்டுபோனது நாகலிங்கம். அந்தப் பக்கத்தின் மேல் புது சீலை வைத்து முதலாளி முன்னால் நீட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். சாவிக்குக் கையை நீட்டினார். இனி புத்தகத்தைத் தானே எழுதுவதாகவும், முதலில் போய்க் காமிலைக் கூட்டிவரும்படியும் சொன்னார்.

காமிலின் மனைவி லதீபா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நடந்ததையெல்லாம் காமிலிடம் சொன்னேன்.

"தெரியும் அண்ணே" என்றான். "அந்த சீல்ல ஒட்டியிருந்த செவப்புக் காவி ஒங்கட லயத்துக் கெணத்துல மட்டும்தான் ஈக்கி. நீங்களா செல்லுவீங்கண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

முதலாளியிடம் அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"புத்தகம் ஒங்கட. எண்ட வாய யாரு நம்புற?" பிறகு, "லயத்துல தண்ணி வருதா?" என்றான்.

வருகிறது என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைக்கு வருவதற்கு அவன் ஒன்று மட்டும் கேட்டான். முதலாளிக்குத் தெரிந்தால் போதாது. அரநாயக்கவில் எந்த இடத்தில் தன்னை ஹொரா என்றார்களோ அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நான் சொல்ல வேண்டும்.

இருவரும் பஸ் ஏறினோம். நர்சரியில் வேலையாட்கள் கருகிய நாற்றுகளைப் பிடுங்கி, பொலித்தீன் உறைகளிலிருந்து மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சோமாவதி காமிலைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"மெயா ஹொரா நெவெய், நோனே" என்றேன் சிங்களத்தில். "மம தமா கத்தே." இவன் திருடன் இல்லை அம்மா, எடுத்தது நான்தான்.

வேலையாட்களின் கை நின்றது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து காமிலுக்குப் போட்டு, உட்காரச் சொன்னாள். தேத்தண்ணீரும் ஒரு கோப்பைதான் வந்தது.

நான் வேலையாட்களோடு உட்கார்ந்து உறைகளைக் கொட்டத் தொடங்கினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி பஸ் வரும்வரை கொட்டினேன். முடியவில்லை, அவ்வளவு இருந்தது.