ஏறாத ரத்தம்

மாதேஸ்வரன் சமைப்பான் என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், காப்பி எஸ்டேட்டின் லைன் வீடு மொத்தமும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கும். ரசத்துக்கும் புளித்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். அவனை அடுப்படிக்குத் தள்ளியது மனைவி அமுதவல்லியின் ரத்தம். ஏற்கெனவே இரண்டு கரு தங்கவில்லை. இது மூன்றாவது. ஐந்தாம் மாதம் சோதித்துப் பார்த்த நர்சு சாந்தாமேரியின் முகம் சுருங்கிவிட்டது.

“ரத்தம் ஏழுதான் இருக்குதுங்க. பத்தாச்சும் இருந்தாத்தான் தாயும் பிள்ளையும் தாங்கும். கீரை, ஈரல் எதுவும் சாப்புடறதில்லையா?”

முருங்கைக்கீரை வெந்தால் அமுதவல்லிக்கு வாசலிலேயே குமட்டும். ஈரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

“அப்பக் கட்டாயப்படுத்தாதீங்க. அதே சத்து இருக்கற வேற பண்டமா, அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி செஞ்சு குடுங்க. மாத்திரைய மட்டும் மறக்காம தண்ணியோட முழுங்கணும்.”

அதை மாதேஸ்வரன் அப்படியே பிடித்துக்கொண்டான். கருப்பட்டி போட்டு எள்ளுருண்டை பிடித்தான். முதல் தடவை பிடித்தது கல்லாகிப் போய், உடைக்க அம்மிக்குழவி தேவைப்பட்டது. கேழ்வரகு மாவில் வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி ஒளித்து, அடை தட்டினான். அமுதவல்லி கண்டுபிடிக்கவில்லை. “நொம்ப நல்லாருக்குதுங்க” என்று மூன்றாவது அடைக்குக் கையை நீட்டினாள். அன்றைக்கு அவன் பழப் பறிப்புக்குப் போகும்போது நிலத்தில் கால் பாவவில்லை.

பக்கத்து வீட்டு வீராயி விடுவாளா? “ஏம்ப்பா மாதேசு, எனக்கும் ரெண்டு அடை பார்சல் கட்டு” என்பாள். அவன் காதில் வாங்கமாட்டான். கீரை போய் அடை வந்தது, ஈரல் போய் எள்ளுருண்டையும் பேரீச்சையும் வந்தன. மாத்திரைதான் அவளுக்கு இரும்பு நாறியது. அதற்கும் வழி வைத்திருந்தான். அடை தின்ற கையோடு சூடாக ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தால் மடக்கென்று உள்ளே போய்விடும்.

ஏழாம் மாதம் ரத்தம் ஏழு. எட்டாம் மாதம் ஆறரை.

அவனுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆயிற்று. இவ்வளவு தின்றும் ஏறவில்லை என்றால் எங்கேயோ திருட்டு நடக்கிறது. அமுதவல்லியைத்தான் சந்தேகப்பட்டான். தலையணைக்கு அடியில் தேடினான். கொல்லைப்புறத்துச் சாக்கடையில் மாத்திரை கிடக்கிறதா என்று குச்சியால் கிளறினான். பிறகு அதையும் தாண்டினான். அவள் விழுங்கி முடித்ததும், “வாயத் தொற, நாக்கத் தூக்கு” என்றான்.

அவள் திறந்து காட்டினாள். “நெசமா முழுங்கறனுங்க” என்று அழுதாள். அவன் நம்பவில்லை. கட்டின மனைவியை இப்படிப் பண்ணுகிறோமே என்று அப்போது அவனுக்கு வெட்கம்கூட வரவில்லை.

மறுவாரம் மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு செம்மநத்தம் சுகாதார நிலையத்தில் இருந்த சாந்தாமேரியிடம் சண்டைக்கே போனான். “போலி மாத்திரையைக் குடுத்து ஏமாத்தறீங்களா?”

அவள் கோபப்படாமல் உட்காரவைத்தாள். “எதோட குடுக்கறீங்க?”

“நீங்க சொன்னாப்ல தண்ணியோடதானுங்க.”

“என்ன தண்ணி?”

இது என்ன கேள்வி என்று இருந்தது அவனுக்கு. “காப்பித்தண்ணிதானுங்க. எங்க லைன்ல வேற என்ன தண்ணி?”

உண்மைதான். அந்த லைனில் தண்ணி வைத்தாச்சா என்றால் வரக்காப்பி போட்டாச்சா என்றுதான் அர்த்தம். குடிக்கிற தண்ணியைப் பச்சைத்தண்ணி என்பார்கள். சாந்தாமேரி மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்தாள்.

“காப்பி அந்த இரும்புச் சத்த ஒடம்புல சேர விடாதுங்க. மாத்திரை, அடை, உருண்டை, எல்லாத்துலயும் பெரும்பங்கு வீணாத்தான் போயிருக்கும். நானும் வெவரமாச் சொல்லியிருக்கோணும்.” பிறகு அவசரமாக, “நாளைக்கே சேலம் கூட்டிட்டுப் போங்க. ரத்தம் ஏத்திடலாம்” என்றாள்.

தன் கையாலேயே மூன்று மாதம். இனி ஒரு நாளைக்கு இருபது மாத்திரை கொடுத்தாலும் அந்த மூன்று மாதம் திரும்பாது. அமுதவல்லியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே வந்தான். வாசலில் வீராயி தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். அமுதவல்லிக்கு வலி எடுத்து ஒரு மணி நேரமாகியிருந்தது.

மலையிறங்கிய ஜீப் அடிவாரத்தைத் தொடும்போதே சீட்டெல்லாம் ரத்தம். சேலத்தில் நான்கு பாட்டில் ஏற்றி அவளைப் பிழைக்கவைத்தார்கள். பெண் குழந்தை. அழவே இல்லை. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அமுதவல்லிக்குப் பேச்சு வந்தது.

“ஏனுங்க, நீங்க பாத்துப் பாத்துத்தான் செஞ்சீங்க. எம்பட ஒடம்புதான் ஏத்துக்கல.” மூச்சு வாங்கினாள். “மாத்திரைய ஒண்ணுகூட நான் வீசலீங்க. இப்பவாச்சும் நம்பறீங்களா?”

நம்புகிறேன் என்று சொன்னால், ஏன் நம்புகிறான் என்பதையும் சொல்லவேண்டும். மாதேஸ்வரன் வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை.

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “செரிங்க” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.