பால் பொங்கின இடைவெளி

1

இந்தக் கதையை முதலில் கண்டது நான் அல்ல, ஹம்சினி. அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிவதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

லண்டன் ஜாஸ் விழா. தேம்ஸ் கரையில் ஒரு மண்டபம், ஞாயிறு பின்னேரம். மேடையில் ஜப்பானியப் பெண் ஒருத்தி பியானோ, நோர்வேக்காரன் ஒருவன் தன்னைவிட உயரமான டபுள் பேஸ், செனகல்காரர் ஒருவர் ட்ரம்பெட். நடுவில் எங்கட ஆள் ஒருவர் சப்பாணி கட்டி இருந்து மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த ஹம்சினி முழங்கையால் இடித்து, "அண்ணை, அந்தக் கையைப் பாருங்கோ" என்றாள்.

முன்வரிசை ஓரத்தில் ஒரு பெண்ணின் வலது கை. தொடையில் தட்டி, விரல் எண்ணி, திருப்பிப் போட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கச்சேரியில் எங்கள் சனம் போடுகிற அதே தாளம். முகம் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் பியானோக்காரி கணக்குத் தவறித் தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தாள். நான் கண்டது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், "இதை நான் எழுதப்போறன்" என்றேன். ஹம்சினியும் எழுதுகிறவள். பேக்கர் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறியதிலிருந்து ஹரோ வரை அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "நவம்பர் மழையில் தேம்ஸ் நதி சாம்பல் நிறமாக—"

வேண்டாம். லண்டனில் இருந்து எழுதுகிற எல்லோரும் மழையில்தான் தொடங்குகிறோம். வாசகருக்கு ஜலதோசம் பிடித்துவிட்டது.

தொடக்கம் இரண்டு: "துசியந்திக்கு அந்த ஜப்பான்காரியைக் கண்ணிலும் காட்டக்கூடாது, ஏனென்றால் அவள் புருசன்—"

(துசியந்தி என்பது அந்தக் கைக்குரியவளுக்கு நான் வைத்த பெயர்.) இதுவும் வேண்டாம், நீங்கள் வேறு விதமாக நினைத்துவிடுவீர்கள். ஈஸ்ட் ஹாமில் இருக்கிற மச்சாள்காரி அப்படித்தான் நினைத்து, போன் எடுத்து, ஆள் மேல ஒரு கண் வைச்சிரு என்று புத்தி சொன்னாள். துசியந்திக்குச் சிரிப்பு வந்தது. நிர்மலன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தால்கூட ஒரு பெரிய சண்டையோடு தீர்ந்திருக்கும். இது அதைவிட மோசம்.

தொடக்கம் மூன்று: "துசியந்திக்கு எரிந்தது."

இது நிற்கட்டும்.

3

துசியந்திக்கு எரிந்தது. நிர்மலன் அவளுடைய புருசன். இரண்டு பேரும் மிருதங்கம் வாசிக்கிறவர்கள். சின்ன வயதில் விம்பிள்டனில் ஒரே வகுப்பில், ஒரே பாயில் இருந்து படித்தவர்கள். அவளுக்குக் கணக்கு நல்லது, அவனுக்கு நாதம் நல்லது. மொத்தத்தில் அவள்தான் ஒரு படி மேலே. (இது அவளுடைய கருத்து. எனக்கும் அதே கருத்துத்தான், நான்தானே அவளை எழுதுகிறேன்.)

ஆனால் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போனை எடுத்தாலும், "அக்கா, அண்ணை அந்த சனிக்கிழமை ஃப்ரீயோ?" என்பார்கள். அவள் கலண்டரைப் பார்த்து, ஓம், ஃப்ரீதான் என்பாள். கலண்டரில் அவளுடைய சனிக்கிழமையும் அதே பெட்டிக்குள்தான் இருக்கும். அதை ஒருவரும் கேட்பதில்லை.

போன மாசி மாதம் ஒரு காலமை, ஹரோ வீட்டுக் குசினியில் பால் காய்ச்சிக்கொண்டே அவள் ஒரு கோர்வை சொல்லிப் பார்த்தாள். கோர்வை என்றால், ஒரு சொல்லை மூன்று தரம் சொல்லி, மூன்றாம் தரம் முடியும்போது தாளத்தின் முதல் அடியில் சரியாக வந்து விழவேண்டும். அந்த முதல் அடிக்குச் சமம் என்று பெயர். எல்லோரும் ஒன்றாய்ச் சமத்தில் விழுந்தால் கைதட்டு. ஒருவர் முந்தினாலும் மானம் போய்விடும்.

"ததிங்கிணதொம்" என்றாள். கொஞ்சம் இடைவெளி. "ததிங்கிணதொம்" என்றாள். அதற்குள் பால் பொங்கியது. ஓடிப்போய் அடுப்பை நிற்பாட்டி, அடுப்புக்கரை முழுக்க வழிந்ததைப் பார்த்து, பிறகு, தொடங்கினதை முடிக்கவேண்டுமே என்று, மூன்றாவது "ததிங்கிணதொம்" சொன்னாள். அத்தனைக்கும் இடது கை தாளத்தை விடவில்லை. அந்த நீளமான மௌனத்துக்குப் பிறகு சொல் சரியாகச் சமத்தில் வந்து விழுந்தது. அவளே திடுக்கிட்டுப் போனாள்.

மேசையில் பாணுக்குப் பட்டர் பூசித் தின்றுகொண்டிருந்த நிர்மலன், "அதை இன்னொருக்காச் சொல்லும்" என்றான்.

இதைத்தான் அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அவன் அப்படிக் கேட்டிராவிட்டால், அடுப்பைத் துடைத்துக்கொண்டு போயிருப்பாள்.

4

மிஹோவை இப்போது கொண்டுவர வேண்டும். பியானோக்காரிக்கு நான் வைத்த பெயர் அது.* ஹரோவில் ஒரு அரங்கேற்றத்துக்கு யாரோ அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்றைக்கு மிருதங்கம் துசியந்திதான். வழக்கத்துக்கு மாறாக அவளைத்தான் கேட்டிருந்தார்கள். அவளோ காய்ச்சலில் படுத்துவிட்டாள். நிர்மலன் போனான், வாசித்தான், கடைசியில் அந்தக் கோர்வையை வைத்தான். சபை அசந்துபோனது. மிஹோ மேடைக்குப் பின்னால் வந்து, குனிந்து வணங்கி, இந்தத் தாளம் யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் சொன்ன பதிலில்தான் இந்தக் கதை முழுக்க நிற்கிறது. எங்களுடையது என்றான்.

* மேடையில் நான் கண்டவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர்கள் நன்றாக வாசித்தார்கள், பாவம், அவர்களை விட்டுவிடுவோம்.

5

கோபம் ஆறி இதுவரை வாசித்த ஹம்சினி, நிர்மலனைக் கள்ளனாக்கிப் போட்டியள் என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆகவே அவனைக் குசினிக்குள் விட்டு, அவன் வாயாலேயே கேட்டேன். மிஹோ விழாவுக்கு அவனைக் கேட்டு எழுதிய நாள். துசியந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் 'என்ர மனுசி செய்தது' எண்டு சொல்லேல்லை?" என்றாள்.

"எங்கட எண்டால் உம்மட எண்டதும் அதுக்குள்ள இருக்குத்தானே."

"அதுக்குள்ள நான் எங்க இருக்கிறன் எண்டு காட்டுங்கோ பாப்பம்."

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கட வீடு, எங்கட கார், எங்கட அம்மா என்று பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகின வாய். என்ர என்றால் நாக்குக் கூசும். அந்தக் கூச்சத்துக்குள் கொஞ்சம் வசதியும் இருந்ததை அவன் அறிவான். (நானும் முதல் பகுதியில் "எங்கட ஆள்" என்றுதான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது.)

ஜப்பான்காரியிடம் சொல்லித் திருத்துகிறேன் என்றான். துசியந்தி வேண்டாம் என்றாள். கேட்டு வாங்கினால் அது பிச்சை. அவனாகச் சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள். அவனோ, அவள்தான் வேண்டாம் என்றாளே என்று விட்டுவிட்டான். கலியாணம் முடித்த ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

6

விழா நாள். துசியந்தி கலைஞர்களுக்கென்று மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். நோர்வேக்காரன் அடுத்தடுத்துத் தின்றுவிட்டு இதற்காகவே இன்னொரு தரம் லண்டனுக்கு வருவேன் என்றான். செனகல்காரர் தன் மனைவிக்கு அனுப்ப ரோல்ஸைப் படம் பிடித்தார். மிஹோ ஆழமாகக் குனிந்து, உங்கள் கணவரை எங்களுக்கு இரவல் தந்ததற்கு நன்றி என்றாள். முழு மனதோடுதான் சொன்னாள். அது இன்னும் சுட்டது. துசியந்தி சிரித்தாள். எவ்வளவு அழகாகச் சிரித்தாள் என்றால், எழுதுகிற எனக்கே பயம் பிடித்தது.

முன்வரிசையில் போய் இருந்தாள். கடைசி உருப்படிக்கு முன் மிஹோ மைக்கைப் பிடித்தாள். அடுத்து வருவது ஆயிரம் ஆண்டு பழைமையான தமிழ்த் தாளம், தலைமுறை தலைமுறையாக வருவது, இயற்றியவர் பெயர் தெரியாது என்றாள். சபை மரியாதையாக மூச்சை இழுத்தது.

ஆயிரம் ஆண்டு! அவன் சொன்ன 'எங்களுடையது' இப்படி வளர்ந்துவிட்டது. அடுப்புக்கரையில் அந்தப் பாலின் கறை இன்னும் போகவில்லை.

துசியந்தி நிர்மலனைப் பார்த்தாள். அவன் மிருதங்கத்தின் வாரைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தான். அவனிடமும் மைக் இருந்தது. அவளுக்கு அந்த மேடையில் இருந்த நாலு பேர் மேலும், அந்த ட்ரம்பெட் மேலும், அவர்கள் மேல் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தின் மேலும் பொறாமையாக இருந்தது. அவர்களுக்குக் கணக்குப் பிழைக்கவேண்டும் என்று நினைத்தாள். ஒருக்கா, ஒரேயொருக்கா, எல்லாருக்கும் முன்னால் பிழைக்கவேண்டும். இப்படி நினைத்துக்கொண்டே வலது கை தன்பாட்டில் தாளம் போடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் அந்தக் கையைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி இருந்தாள்.

கோர்வை வந்தது. நாலு பேரும் சேர்ந்து. ததிங்கிணதொம். இடைவெளி. ததிங்கிணதொம்.

பிறகு பால் பொங்கின இடைவெளி.

மௌனத்தில் மிஹோ கணக்கை விட்டுவிட்டாள். தலையைத் தூக்கினாள். முன்வரிசையில் ஒரு கை ஏறி இறங்குவது கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள். இனி அந்தக் கை எப்போது விழுகிறதோ, அப்போது பியானோ தொடங்கும்.

கை மேலே போய்விட்டது. இனி எல்லாம் தன் கையில்தான் என்று துசியந்திக்கு விளங்கிவிட்டது.

7

கதையை அந்த மௌனத்துக்குள் நிற்பாட்டி வைத்திருக்கிறேன். அவசரம் இல்லை, பால் இப்போது பொங்காது. முடிவுகளைப் பார்ப்போம்.

அ. கை சரியான அடியில் விழுகிறது. கைதட்டு. நிர்மலன் மைக்கை எடுத்து, இது என்ர மனுசி செய்தது என்கிறான். அவள் அழுகிறாள். "கோயில் விழா மலரில போடலாம்" என்றாள் ஹம்சினி. வெட்டிவிட்டேன்.

ஆ. கை ஒரு எண்ணிக்கை முந்தி விழுகிறது. பியானோ தடுக்கி விழ, நிர்மலன் அதை அந்தரத்தில் பிடித்துப் புதுக் கணக்காக மாற்றி வாசிக்க, சபை எழுந்து நிற்கிறது. அடுத்த நாள் அவனுடைய சமயோசிதத்துக்குப் பத்திரிகையில் பாராட்டு. நல்ல முடிவு, ஆனால் துசியந்தியிடம் ஏற்கெனவே எவ்வளவோ எடுத்தாயிற்று. இதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இ. கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள். இதை இரண்டு நாள் விரும்பினேன். பிறகு, பாயில் இருந்து படித்த காலத்திலிருந்து தாளம் போட்ட கை நடுவில் நிற்காது என்று—

8

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த மௌனத்தில் மிஹோ மட்டும் அல்ல, நிர்மலனும் தலையைத் தூக்கினான்.

சின்ன வயதில் வகுப்பில் கணக்கு விட்டுப்போனால் அவன் வாத்தியாரைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருந்த துசியந்தியின் கையைத்தான் களவாகப் பார்ப்பான். அதே பார்வை. ஆயிரம் ஆண்டுத் தாளம் எங்கே விழும் என்று வாசிக்கிறவனுக்கே அந்தக் கணத்தில் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் அதை அறிந்த ஒரே ஆள் அவள்தான்.

இப்ப சொல்லுங்கோ எங்கட எண்டு, என்று அவள் மனதுக்குள் சொன்னாள். அவ்வளவு எரிச்சலோடும், அவ்வளவு சந்தோசத்தோடும்.

உண்மையில் அந்தக் கை எப்படி விழுந்தது என்று என்னைக் கேட்காதேயுங்கள். அந்த நேரம் நான் குனிந்து போனில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஹம்சினி பார்த்தவள். எத்தனையோ தரம் கெஞ்சிக் கேட்டுவிட்டேன். "அது என்ர" என்கிறாள், வேறொன்றும் சொல்கிறாள் இல்லை.

ஆகவே அந்தக் கையை உங்களிடம் தருகிறேன். வலது கை. மேலே நிற்கிறது. இரண்டு பேர் அதைப் பார்த்தபடி இருக்கிறார்கள். உங்களுக்குச் சரியென்று படுகிற நேரத்தில் போடுங்கள். பிறகு யாராவது வந்து, இந்த முடிவு ஆரின்ர என்று கேட்டால், எங்கட எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.