குட்டிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை

என் புகுந்த வீட்டில் ஒரு குட்டிச்சாத்தான் இருந்தது. அதைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் டம்ளர் உடைந்தால், சாவி காணாமல் போனால், பால் பொங்கி வழிந்தால், "குட்டி வேலை" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். சற்று நேரத்தில் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். குட்டியைச் சமாதானப்படுத்த வேண்டுமாம். வைப்பது உடைத்தவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வைக்கும்போது மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் எல்லாருக்கும் ஏதாவது வேலை வந்துவிடும்.

எனக்கு இது எரிச்சலாக இருந்தது. வளர்ந்த ஆட்கள், இல்லாத ஒன்றின் தலையில் பழியைப் போடுகிறார்களே என்று. தனிக்குடித்தனம் போனபோது, "அதை மட்டும் மூட்டை கட்டாதீங்க" என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். நஷ்டத்தில் கடையை மூடிய பிறகு வீட்டிலேயே மேசை போட்டுக்கொண்டார். கையிலிருந்து தெறித்து ஓடிய திருகாணிகளையெல்லாம் குட்டி கணக்கில் போட்டே பழகிய மனுஷர். முகம் வாடினாலும் சரி என்றார்.

புது வீட்டில் எல்லாத் தப்புக்கும் ஆள் இருந்தது. குழாயை மூடாதது அவர். இஸ்திரிப் பெட்டியை அணைக்காதது நான். விசாரணை, வாய்தா, தீர்ப்பு என்று வீடு நீதிமன்றமாகவே நடந்தது. நீதிபதி பெரும்பாலும் நான்தான்.

பிறகு அப்பாவின் கைக்கடிகாரம். அவர் போன பின் எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். சுத்தம் செய்யச் சொல்லி மேசையில் வைத்திருந்தேன். ஒரு மாலை பார்த்தால் கண்ணாடியில் விரிசல், நொடி முள் கழன்று கிடக்கிறது. கணவரைக் கேட்டதற்கு, தான் தொடவே இல்லை என்றார். அழுதேன். அழுகையோடு நிறுத்தியிருக்கலாம்.

"உங்க கையில எதுவுமே நிலைக்காது. அதான் கடையும் போச்சு."

அதைச் சொன்ன கையோடு பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தேன். அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன், வெட்கத்தை விட்டு, புகுந்த வீட்டிலேயே இருந்த ஓரகத்தியிடம் போனேன். குட்டியைக் கொஞ்ச நாள் அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அது உங்க பின்னாடியே போயிருச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் போனதிலிருந்து இங்க எது உடைஞ்சாலும் சண்டைதான். நானே உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

வீடு திரும்பினேன். சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இருந்தது. பாதி தரையில் சிந்திக் கிடந்தது. அடுத்த அறையில் அவர், பளபளவென்று இருந்த மேசையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"குட்டி வேலையா?" என்றேன்.

"அப்படித்தான் தெரியுது" என்றார், தலை நிமிராமல்.

சர்க்கரை டப்பாவை எடுத்தேன். கடையைப் பற்றி நான் சொன்னதற்கு ஒரு ஸ்பூன் காணாது. மூன்று வைத்தேன். டப்பா மூடி கீழே விழுந்து சத்தமாக உருண்டது. அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேசை துடைக்கிற வேலை அவருக்கு இன்னும் முடியவில்லை.